போத்தில் படத்துக்குப் பயன் சொன்னவர்

நாய்க்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். அதுவும் வீட்டு நாய்க்கல்ல, திரையில் ஓடிய நாய்க்கு.

ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம். எசமான் கப்பலேறிப் போய்விடுவான். அவனுடைய நாய் துறைமுகத்திலேயே கிடக்கும். திரைக்குப் பக்கத்தில் நீண்ட பிரம்போடு நின்றிருந்த இவர், கணீரென்று சொன்னார்: "உவர் காத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடேல்லை. ஆர் வந்து கூப்பிட்டாலும் உவர் போகமாட்டார்." கொட்டகை கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒருவன், "நாய்க்கு என்ன ஐயா 'அர்' வேண்டிக்கிடக்கு?" என்று கத்தினான்.

"எசமானை மறக்காதவருக்கு 'அர்' போடாமல், உமக்கே போடுறது?" என்றார் ஐயா.

சிரிப்பு அப்படியே கேட்டவன் பக்கம் திரும்பிவிட்டது.

பேசும் படம் வந்து எங்கள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுவதற்குச் சற்று முந்திய காலம் அது. படம் ஊமை. நடுநடுவே இங்கிலீசில் எழுத்து வரும். அதை வாசித்துத் தமிழில் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்கள் கொட்டகையில் அந்த ஆள் ஐயா. நான் ஆர்மோனியம். எனக்குத் தெரிந்த மெட்டுக்கள் கொஞ்சம். அவற்றையே கலியாணத்துக்கும் வாசிப்பேன், கொலைக்கும் வாசிப்பேன். கொலைக்குக் கொஞ்சம் விரைவாக. படப்பெட்டிகள் ரயிலில் வரும். நாங்கள் கொட்டகையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம்.

ஐயா கொழும்புத்துறைக்காரர். முன்பு கோயிலில் புராணப் படிப்பில் பயன் சொன்னவர். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் அதற்குப் பொருள் விரித்துச் சொல்வார். அந்த இரண்டாமவரைத்தான் பயன் சொல்லுகிறவர் என்பது. ஒருநாள் புராணத்தில் அசுரன் ஒருவன் செத்துக் கிடக்கும் பிள்ளையை மடியில் போட்டு அழுகிற இடம் வந்திருக்கிறது. இவர், "அவர் அழுதார்" என்று பயன் சொல்லிவிட்டார். கோயில் மனேச்சருக்குப் பொறுக்கவில்லை. அசுரனுக்கு என்ன மரியாதை என்று கேட்டிருக்கிறார். "பிள்ளையை நினைச்சு அழுகிறவன் அசுரனெண்டாலென்ன, ஆரெண்டாலென்ன? நினைவிருந்தால் 'அர்'. நினைவில்லாட்டில் 'து'. என்ரை கணக்கு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார். நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

அந்தக் கணக்கை அவர் கடைசிவரை விடவில்லை. திரையில் ரயில் வந்தால், "பயப்பிடாதேங்கோ. உது வரட்டும். உதுக்கு எங்களைத் தெரியாது" என்பார். கிழவி ஒருத்தி பழைய படமொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் உடனே, "உவா நினைக்கிறா" என்பார். அந்த 'நினைக்கிறா'வில் பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும்.

எங்கள் பேச்சில் இவன், அவன் என்பதோடு உவன் என்றும் ஒன்று இருப்பது வெளியூராருக்கு வேடிக்கையாக இருக்கும். நான் ஒருமுறை ஐயாவைக் கேட்டேன், திரையில் தெரிகிற எல்லாரையும் ஏன் 'உவர்' என்கிறீர்கள் என்று. "இவர் எண்டால் கையைப் பிடிக்கலாம், தம்பி. அவர் எண்டால் காணக் கிடையாது. உவர் எண்டால் கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டாது. உந்த வேட்டித் துணியிலை தெரியிற சனத்துக்கு வேறை என்ன சொல்லு இருக்கு, சொல்லும் பாப்பம்?" என்றார். அந்த 'உ' எழுத்தையே சினிமாவுக்காகத்தான் எங்கள் முன்னோர் எடுத்து வைத்திருந்தார்களோ என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் சிலிர்க்கிறது.

புதுப்படம் வந்தால் பகலில் கொட்டகையின் படுதாக்களை இறக்கச் சொல்லித் தனியாக ஒருமுறை பார்ப்பார். மெசின் விளக்கு எரியத் தொடங்கியதும் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார், கோயிலில் நிற்பதுபோல. மெசின் ஓட்டுகிறவன் கேலி செய்வான். "ஐயா, உது கார்பன் வெளிச்சம். கற்பூரமில்லை."

"கற்பூரமும் எரிஞ்சுதானே காட்டுது" என்பார்.

கொடிகாமத்தில் கொட்டகை போட்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த பேர்ச்சீட்டு கிழிந்து, பெயர் வரும் முதல் துண்டும் அறுந்துபோயிருந்ததால் அதன் உண்மைப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊர்ச்சனம் வைத்த பெயர் போத்தில் படம்.

இனிமேல் வரப்போகிற ஒரு காலத்துக் கதை. மேகத்தை முட்டுகிற கோபுரங்கள் உள்ள ஒரு பட்டணம். அதை ஆளுகிறவன் ஒரு வைத்தியன். வேலைக்கு வருகிற ஒவ்வொருவன் தலையிலும் கம்பிகள் பூட்டிய தொப்பி ஒன்றை வைத்து, நினைவு முழுவதையும் உறிஞ்சிக் கண்ணாடிப் போத்திலில் அடைத்துவிடுவான். போத்தில்கள் தட்டுத் தட்டாக, மினுங்கிக்கொண்டு நிற்கும். "நினைவில்லாதவனுக்கு வீடில்லை. வீடில்லாதவன் வீட்டை போகவேணுமெண்டு கேக்கமாட்டான். ஆளுறவனுக்கு உதைவிட வசதி வேறை என்ன?" என்று ஐயா பயன் சொன்னபோது, ஆண்கள் பக்கத்தில் சுருட்டுப் புகைத்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

பிறகு வைத்தியன் ஒரு தொழிலாளியின் போத்திலை எடுத்து, தான் செய்துவைத்த இரும்பு மனிதனின் தலைக்குள் ஊற்றுகிறான். இரும்பு கண்ணைத் திறக்கிற அந்த இடத்தில் முதல் நாள் நான் வாசிப்பதை மறந்துவிட்டேன். விரல் கட்டையில் ஒட்டிக்கொண்டது. பெண்கள் பக்கத்தில் "முருகா" என்று ஒரு குரல். அதுவரை "உது நிக்குது, உது கிடக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்த ஐயா, பிரம்பைத் தாழ்த்தினார்.

"உவர் முழிச்சிட்டார்" என்றார்.

ஒரு சொல்லை மாற்றி ஓர் இரும்புக்கு உயிர் கொடுத்ததை நான் அங்கே கண்ணால் கண்டேன். 

இரும்பு மனிதன் தொழிலாளியின் வீட்டைத் தேடிப் போவான். தொழிலாளியுடைய மனைவியின் பெயர் இரும்புக்குத் தெரியும். விளக்கு எந்த மாடத்தில் இருக்கும் என்பதும் தெரியும். அதே வேளையில் நினைவு உறிஞ்சப்பட்ட தொழிலாளியும் கால் போன போக்கில் நடந்து அதே வாசலுக்கு வந்துவிடுவான். வாசலில் இருவர். ஒருவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் இரும்பு. மற்றவர் அதே முகம், அதே கை, ஆனால் ஒன்றும் தெரியாது. அவள் இரும்பை உள்ளே விட்டு, மனிதனுக்குக் கதவைச் சாத்துவாள். ஐயா தன் கணக்கின்படியே சொல்லுவார்: "உவர் உள்ளை போறார். உது வெளியிலை போகுது."

மறுநாள் சந்தையில் கத்தரிக்காய் விலைக்குப் பதிலாக இதுதான் பேச்சு. "தாலி கட்டினது உடம்பெல்லோ?" என்றார் ஒருவர். "கட்டினதை நினைவு வைச்சிருக்கிறது இரும்பெல்லோ?" என்றார் மற்றவர். மறந்துபோய்விட்டேன் என்று யார் சொன்னாலும், "உம்மடை போத்திலைத் திறந்து பாரும்" என்று பகிடி. ஒருவர் கையில் பிடித்த வாழைக்குலையோடு இன்னொருவரை அடிக்கப் போன அளவுக்கு அது முற்றியது.

எனக்கு மட்டும் அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் என் அண்ணை.

அண்ணை மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கலியாணம் முடித்துச் சில மாதங்களில் கப்பலேறியவர். அங்கே தலையில் அடிபட்டு, காய்ச்சலும் கண்டு, பிழைத்து எழும்பியபோது ஒன்றும் நினைவில்லை. ஊரார் ஒருவர் கூட்டிவந்து கொடிகாமம் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் போன என்னிடம் அண்ணை கையை நீட்டி, "உங்களைச் சந்திச்சது சந்தோசம்" என்றார். நான் பிறந்த நாள் தொடக்கம் என்னைத் தோளில் சுமந்தவர்.

அண்ணியின் சீதன வீடு கொடிகாமத்தில்தான். அங்கேதான் அண்ணையை வைத்திருந்தோம். விறகு கொத்துவார், தண்ணீர் அள்ளுவார். ஒரு குழப்படியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் எழுந்து நின்று அண்ணிக்கு, "பெரிய உபகாரம், அம்மா" என்பார். அண்ணி அவர் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவா. 

அண்ணியின் தகப்பன், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், பொல்லாதவரல்ல. மகள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, மலாயாவுக்குப் போனவர் என்ரை மருமகன். வந்திருக்கிறது அவரில்லை. உதைப் புத்தூருக்கு, உங்கடை அம்மாவிட்டைக் கூட்டிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வண்டில் அனுப்புறன். என்ரை பிள்ளை இனியாவது நித்திரை கொள்ளட்டும்." அண்ணி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அண்ணி என்னிடம், "தம்பி, சந்தை முழுக்க உந்தப் படக் கதைதான். நானும் ஒருக்காப் பாக்கவேணும். இவரையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றா.

நான் ஓடிப்போய் ஐயாவைப் பிடித்தேன். அண்ணையின் கதை அவருக்குத் தெரியும், ஆனால் தானாக ஒருநாளும் எடுத்ததில்லை. "ஐயா, இண்டைக்கு மாத்திச் சொல்லுங்கோ. உவள் மனிசனைத்தான் உள்ளை விட்டாளெண்டு சொல்லுங்கோ. ஆருக்கு இங்கிலீசு தெரியும்? நீங்கள் சொன்னால் அதுதான் கதை" என்று கெஞ்சினேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "நான் சொன்னால் அதுதான் கதையெண்டு எனக்குத் தெரியும், தம்பி. அதாலைதான் பயமாய்க் கிடக்கு. இவ்வளவு சனத்தின்ரை நெஞ்சும் என்ரை நாக்கிலை தொங்குது. நான் இண்டைக்கு ஒண்டை மாத்தினால் உந்த வைத்தியனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் போத்திலிலை அடைக்கிறான், நான் வாயாலை அடைக்கிறன்." பிரம்பைக் கையில் உருட்டினார். "வாசிக்கிறது ஒண்டு, பயன் வேறையொண்டு எண்டால் நாக்குப் புழுத்துப்போம். என்னாலை ஏலாது" என்றார். நான் அவரை மனதார வைதேன்.

அன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. அண்ணி பெண்கள் பக்கம். அண்ணையை என் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினேன். அவர் படத்தைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! போத்தில்கள் மினுங்கியபோது அவர் முகமும் மினுங்கியது. இரும்பு கண்ணைத் திறந்தபோது கொட்டகை மூச்சை இழுத்தது. ஐயா, "உவர் முழிச்சிட்டார்" என்றார். கதை வழக்கம்போல் வாசலுக்கு வந்தது. கதவு சாத்தப்பட்டது. வெறும் மனிதன் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"உது வெளியிலை நிக்குது" என்றார் ஐயா.

"பாவம்" என்றார் என் அண்ணை. உரத்துத்தான் சொன்னார். அவருக்குக் கொட்டகை ஒழுங்கு தெரியாது. "உவருக்கு வீடு தெரியேல்லை. ஆனா நிக்கிறார், பாருங்கோ. தெரியாட்டிலும் நிக்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. கொடிகாமத்துச் சனத்துக்கு அண்ணை யாரென்று தெரியும். ஐயா திரையைப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார். பிரம்பு உயர்ந்தபடியே நின்றது.

"இந்த இடத்துக்கு எனக்குப் பயன் தெரியேல்லை" என்றார் ஐயா. "இவ்வளவு நாளும் தெரியுமெண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டன். நீங்களே பாருங்கோ."

பிரம்பைச் சுவரோடு சாத்திவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். எப்போதும் நின்றே பயன் சொன்னவர் உட்கார்ந்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம். மிச்சப் படம் ஒரு சொல்லும் இல்லாமல் ஓடியது. ஆர்மோனியமும் இல்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. பெரிய கோயில்களில் தீபாராதனையின்போதுகூட அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. விளக்கேற்றியபோது அண்ணி எழுந்து, யாரையும் பார்க்காமல், அண்ணையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டா.

ஞாயிறு காலை வண்டில் வந்து வாசல் படலையடியில் நின்றது. மாமா விறாந்தையில் இருந்தார். அண்ணை முகம் கழுவி, சுத்தமான வேட்டி கட்டி, மலாயாவிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. அண்ணி அடுப்படியில். வெளியே வரவில்லை.

அப்போது ஐயா வந்தார். "பயன் தெரியாமல் விட்ட இடத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, ஒரு கதிரையை இழுத்து அண்ணைக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. என் அண்ணை என்ன படமா?

அண்ணைதான் முதலில் பேசினார். கதிரைக்குக் கிட்டக் குனிந்து, மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

"ஐயா, நீங்கள் பெரிய மனிசர். ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"உந்த அடுப்படியிலை நிக்கிறா, உவாவை ஆருக்கும் கலியாணம் பேசியிருக்கோ?"

ஐயா கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "ஏன் கேக்கிறீர்?"

"இல்லை... பேசேல்லை எண்டால் எனக்குக் கேட்டுப் பாருங்கோவன். என்னை வண்டிலிலை அனுப்பப் போகினம் போலை கிடக்கு. போறதுக்கு முந்திக் கேட்டுப் பாத்தால் என்ன எண்டு நினைச்சன்." வெட்கத்தில் அவர் காது சிவந்திருந்தது. "நான் ஆரெண்டு எனக்கே தெரியாது. உப்பிடிப்பட்டவனுக்கு ஆர் பெண் குடுப்பினம்? எண்டாலும் கேட்டுப் பாருங்கோவன்."

அடுப்படியில் அகப்பை ஒன்று விழுந்த சத்தம்.

ஐயா எழுந்தார். கொட்டகையில் கடைசி வாங்குக்கும் கேட்கிற அந்தக் குரலை மாமாவைப் பார்த்துத் திறந்தார். "கேட்டியளோ? முந்தி நினைவோடை கட்டினவர். இப்ப நினைவில்லாமலும் உங்கடை மகளைத்தான் கேக்கிறார். தகப்பன் நீங்கள். மறுமொழி சொல்லுங்கோ."

மாமா சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மறுமொழி அடுப்படியிலிருந்து வந்தது. அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுகிற குரலில் சொன்னா: "ஐயா, இவருக்குச் சொல்லுங்கோ, எனக்குச் சம்மதமெண்டு. ஆனால் இந்த முறை மலாயாவுக்கு விடமாட்டன் எண்டும் சொல்லுங்கோ."

ஐயா அண்ணை பக்கம் திரும்பி, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அதைச் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவர் துடைக்கவில்லை.

அண்ணை தகரப் பெட்டியைக் காலால் வாங்கின் கீழே தள்ளினார்.

"மலாயாவோ?" என்றார். "நான் ஏன் அங்கை போறன்?"